ஏற்றத்தில் கேட்ட சத்தம்

பொறாமைப்பட்டேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. யார்தான் படவில்லை? எதற்காகப் பட்டேன் என்று சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அடுத்தவன் நிலத்தைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் உண்டு. அடுத்தவன் மாமியார் வீட்டுச் சீரைப் பார்த்து எரிந்தவர்கள் உண்டு. நான் ஒரு மனிதனுடைய காதைப் பார்த்து எரிந்தேன். கிட்டத்தட்ட மூன்று வருஷம்.

அப்போது நாங்கள் அம்பத்தூரில் இருந்தோம். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தைய காலம். தினமும் பட்டணத்துக்கு ரயிலில் போய், ஒரு ஆபீஸில் படம் வரைகிற வேலை எனக்கு. வீட்டு நிலத்தைத் தம்பி பார்த்துக்கொண்டான். ஏரித் தண்ணீர் எந்த மடைக்கு என்றைக்குத் திரும்பும் என்பது அவனுக்குத்தான் தெரியும். ஊரில் நாலு பேர் கூடிப் பேசவேண்டும் என்றால் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். ஆபீஸிலோ எனக்கு மேலே ஐந்து பேர். எங்கே போனாலும் நான் இரண்டாவது ஆள், இல்லை ஆறாவது ஆள். முதல் ஆளாக நான் இருந்தது ஒரே இடத்தில். அது எங்கள் வீட்டை ஒட்டியிருந்த வண்டிக் கொட்டகை. அங்கே என் மோட்டார் சைக்கிள் நின்றது.

பழைய இங்கிலீஷ் வண்டி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் வாங்கியது. ஒற்றை சிலிண்டர். கியர் மாற்றுகிற கம்பி டாங்கிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும்படி இருக்கும். எதிரே மாட்டுவண்டி வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்கவேண்டும். இல்லாவிட்டால் மாடு மிரண்டு வண்டியோடு வாய்க்காலில் இறங்கிவிடும். வண்டிக்காரன் திட்டுகிற திட்டு ஆவடி வரைக்கும் கூடவே வரும். ஊரில் எல்லோரும் அதை டப்டப்பு என்றார்கள். என்னை டப்டப்புக்காரர் என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நடப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

வண்டியோடு ஒரு சின்னப் புத்தகத்தையும் துரை கொடுத்தார். பள்ளிக்கூடப் புத்தகத்தைக்கூட அப்படி நான் படித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் சாக்கை விரித்து, ஸ்பேனர்களைப் பெரிதும் சிறிதுமாக வரிசையாக அடுக்குவேன். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவேன். பிளக்கில் படிந்த கரியைச் சுரண்டுவேன். வால்வைத் தூக்கிவிடுகிற தண்டு ஒன்று உண்டு. தண்டுக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கவேண்டும். கூடினால் தட்டும், குறைந்தால் வால்வு வெந்துபோகும். மெல்லிய தகட்டை உள்ளே விட்டு, புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு அதைச் சரிசெய்வேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செய்யவேண்டிய வேலைகளை வரிசையாகப் போட்டிருந்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும் எதிரே பென்சிலால் ஒரு கோடு. கோடு போட்ட வேலையைத் திரும்பத் தொடமாட்டேன். அது என் ஒழுங்கு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கையில் ஒட்டிய கரியை என் மனைவியின் சீயக்காயைப் போட்டுத் தேய்ப்பேன்.

"தலைக்குத் தேய்க்க வெச்சதெல்லாம் டப்டப்புக்கே போவுது," என்பாள் அவள். "அதுக்கு இன்னா, சடையா பின்னப் போறீங்க?"

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு வரை போய்த் திரும்புவேன். சில வாரம் பூந்தமல்லிப் பக்கம். அந்த ரோட்டில் நிற்கிறபோதெல்லாம் மேற்கே பார்ப்பேன். அது நேரே போனால் பெங்களூர். ஒரே நாளில், விடியற்காலை கிளம்பி விளக்கு வைப்பதற்குள், நான் ஒருவனாகப் பெங்களூர் போய்ச் சேரவேண்டும். இருநூறு மைலுக்கு மேலே. அதை ரயிலில் கூட வருகிற சிநேகிதர்களிடமும் ஊர் அரிசி மில்லுக்காரரிடமும் கடைத்தெருவிலும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டோமே என்பதற்காகவே போயாகவேண்டிய நிலைமை வந்துவிட்டது.

அந்த மாதிரி ஒரு ஞாயிறன்றுதான் அவர் வந்தார். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வேதக்காரர்கள் தெரு. அங்கே பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த வாத்தியார் அவர். மாதா கோயிலில் பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பவரும் அவரே. முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான உடம்பு, கழுத்து வரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை. நான் எஞ்சினை ஓடவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் இறங்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாத்தே, தப்பா நெனைக்காதீங்க. ஒரு தட்டு நொண்டுது."

"எது நொண்டுது?"

"டக்கு டக்குனு ரெண்டு வருது பாருங்க. மின்ன வர்றது சரியா கீது. பின்ன வர்றதுதான் கொஞ்சம் இழுத்துகினு வருது."

"உங்களுக்கு மோட்டார் வேலை தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆர்மோனியம்தான் தெரியும்."

நேற்றுத்தான் தகடு வைத்துப் பார்த்தேன், புத்தகப்படி இருக்கிறது என்று சொன்னேன். சொன்ன தொனி எனக்கே கொஞ்சம் கடுமையாகப் பட்டது. அவர், "அப்ப என் காதுதான் தப்பு," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை காத்திருந்தேன். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, தகட்டை உள்ளே விட்டேன். புகையை வெளியே விடுகிற வால்வின் தண்டு இறங்கியிருந்தது. மயிரிழைதான். அதைத் தாங்குகிற நட்டு நழுவியிருந்தது.

அவர் சொன்னது சரி. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் ஏன் எரிச்சல் வந்தது என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நான்கு வருஷம் நான் புத்தகத்தோடும் தகட்டோடும் மாரடித்துச் சம்பாதித்த அறிவு, அவருக்கு ரோட்டில் சும்மா போகிற வழியில் கிடைத்துவிட்டது. கையில் ஒரு பொட்டுக் கரிகூட ஒட்டவில்லை. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். வரவேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை. ஒரு நாள் சங்கிலி தளர்ந்திருக்கிறது என்றார், தளர்ந்திருந்தது. ஒரு நாள் பிளக் சரியில்லை என்றார். பிளக் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. "நெருப்பு வுழறதுல ஒண்ணு தப்பிப் போவுது" என்றுதான் சொன்னார். ஒவ்வொன்றையும் சரிசெய்த பிறகு அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். இனிப்பு வாங்கிய மாதிரி மலர்ந்திருக்கும். அதுவும் எனக்கு எரிச்சல். ஜெயித்தவன் கொஞ்சம் கர்வப்பட்டாலாவது திட்டலாம். இவர் என் வண்டி நன்றாக ஓடுவதில் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

என் மனைவி அவருக்குக் காப்பி கொடுத்தாள். கொடுக்கட்டும், வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த டப்டப்பை நான்கு வருஷமாகத் திரும்பிப் பார்க்காதவள், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று, "இன்னிக்கு எப்படிக் கீதுங்க சத்தம்?" என்று அவரைக் கேட்டாள். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

விஷயம் கடைத்தெருவுக்குப் போயிற்று. அரிசி மில் வைத்திருந்தவர் எனக்கு மாமன் முறை. அவருடைய மில்லில் ஆயில் எஞ்சின் அடிக்கடி நின்றுபோகும். அதற்கு முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார். நான் போய்ப் பார்த்துவிட்டுப் பட்டணத்து ஆளுக்கு எழுதச் சொல்லுவேன். இப்போது வாத்தியாரைக் கூப்பிட்டார். வாத்தியார் எஞ்சினைச் சுற்றி ஒரு தடவை நடந்து, ஒரு சக்கரத்தைக் காட்டி, "இங்க காஞ்சிபோய்க் கீது" என்றாராம். எண்ணெய் விட்டார்கள், ஓடிற்று. மறுநாள் காலை ஸ்டேஷனில் மில்லுக்காரர் எல்லார் காதிலும் விழும்படி என்னைக் கேட்டார்.

"இன்னா மாப்ளே, அந்த ஆளுக்கு நீ கத்துக் குடுத்தியா, அந்த ஆளு உனக்குக் கத்துக் குடுக்கறாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஆபீஸில் ஒரு கோடுகூட நேராக வரவில்லை.

சரி, காதுதானே, எனக்கும் இரண்டு இருக்கிறதே என்று முயற்சி செய்தேன். அடுப்படியிலிருந்து ஊதாங்குழலை எடுத்துவந்து, ஒரு முனையை எஞ்சின்மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டேன். சத்தம் கேட்டது. மடை திறந்த மாதிரி கேட்டது. அதில் எது முந்தி, எது பிந்தி, எது நொண்டி என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. குழலைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது இரும்புக் குழல் சூடேறிவிட்டது. காது மடல் பொசுங்கியது. சமையலுக்கு ஊதாங்குழல் தேடிவந்த என் மனைவி நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு திரும்பிப் போய், கொஞ்சம் வெண்ணெய் கொண்டுவந்தாள். தடவும்போது அவளுடைய தோள் குலுங்கியது.

அந்த வருஷம் பங்குனியில் நாள் குறித்தேன். ஆபீஸில் லீவு சொல்லியாயிற்று. ஊரெல்லாம் தெரியும். வாத்தியாருக்கும் தெரிந்தது. ஒரு சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எஞ்சின் ஓடவில்லை. ஆகவே அவருக்கு என்னிடம் பேச எதுவுமில்லாத மாதிரி சங்கடப்பட்டார். கடைசியில் சொன்னார்.

"அண்ணாத்தே, நானும் பின்னாடி குந்திகினு வரட்டுமா? பள்ளிக்கூடத்துல லீவு கேட்டுக்கறேன்."

"பெங்களூரில் உங்களுக்கு என்ன வேலை?"

"பெங்களூர்ல ஒண்ணும் இல்லீங்க. சித்தூர் தாண்டி மலை ஏறணுமாமே. இங்க எல்லாம் சமநிலம். இது ஏத்தத்துல இன்னா சத்தம் போடும்னு கேக்கணும்னு ஒரு ஆசை. மூச்சு முட்டும், அப்ப வேற சுதியில பாடும்ல."

இப்படி ஒரு ஆசைக்கு இல்லை என்று சொல்ல மனசு எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும்? எனக்கு இருந்தது. பின்னால் பெட்ரோல் டின் கட்டவேண்டும், இடமில்லை என்றேன். டின்னைப் பக்கவாட்டில் கட்டலாம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். "அதுவும் சரிதான்" என்றார். அவர் போனதும் என் மனைவி வெளியே வந்தாள்.

"கூட்டிகினு போங்களேன். வழில எதுனா கோளாறுன்னா அவராவது சொல்லுவாரு."

அவராவது. அந்த வார்த்தைதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் பின்னால் உட்கார்ந்து வந்தால், பெங்களூர் போனது நானாக இருக்காது. வாத்தியார் காது கொண்டுபோய்ச் சேர்த்ததாகத்தான் ஊர் பேசும். ஊர் எதற்கு, என் வீடே அப்படித்தான் பேசும்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு. சனிக்கிழமையே புத்தகத்தில் இருந்த அத்தனை வேலையும் முடித்துக் கோடு போட்டிருந்தேன். வழியனுப்புகிற மாதிரி மில்லுக்காரரும் ரயில் சிநேகிதர்கள் நாலைந்து பேரும் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பூசை முடிந்து வாத்தியாரும் வருவார். எல்லார் முன்னாலும் அவர் காதைச் சோதிப்பது என்று முடிவு செய்தேன். திருட்டு வேலைதான். அவர்கள் வருவதற்கு முன் கொட்டகைக்குப் போய், உள்ளே இழுக்கிற வால்வின் தண்டைக் கால் சுற்று தளர்த்தினேன். அது போதாது என்று பட்டது. கார்புரேட்டரை எஞ்சினோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்றையும் கொஞ்சம் விட்டேன். அந்த இடைவெளியில் காற்று புகுந்து, உஸ்ஸென்று மிக மெல்லிய ஒரு சத்தம் வரும். வருகிறதென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் புத்தகத்தில் போட்டிருந்தது. என் காதில் விழவில்லை.

எல்லாரும் வந்தார்கள். உதைத்தேன், முதல் உதையிலேயே பிடித்தது.

"வாத்தியாரே, எப்படி இருக்கு? பெங்களூர் போகலாமா?"

அவர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். புருவம் லேசாகச் சுருங்கியது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அது வழக்கமான பார்வை இல்லை. என் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த சின்ன ஸ்பேனரைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா கீது அண்ணாத்தே. ஒரு கொறையும் இல்ல. தைரியமா போய்ட்டு வாங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எஞ்சினை நிறுத்தினேன். தகட்டை எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். உள்ளே விட்டு ஆட்டிக் காட்டினேன்.

"பாருங்க, இவ்வளவு இடைவெளி. நான்தான் வேணும்னு தளர்த்தி வைச்சேன். வாத்தியாருக்குக் கேக்கலை. என்ன வாத்தியாரே, காது அடைச்சுப்போச்சா?"

ரயில் சிநேகிதர் ஒருவர் கை தட்டினார். மில்லுக்காரருக்குச் சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் ஒழுகியது. "அப்ப நம்ம மில்லு ஓடினது குருட்டாம்போக்குலதான், இன்னா வாத்தியாரே?" என்றார். வாத்தியாரும் சிரித்தார். "ஆமாங்க, எனக்கும் வயசாவுதில்ல," என்றார். காப்பி வருவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் காதோரம் சிவந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்து, நன்றாயிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்றைக்கு எனக்குப் பசி அதிகம். மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

தண்டை அப்போதே எல்லார் முன்னாலும் சரிசெய்துவிட்டேன். நட்டைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜெயித்த மயக்கத்தில் எனக்கே மறந்துபோயிற்று. நட்டுகளை முடுக்குகிற வேலைக்கு எதிரேதான் சனிக்கிழமையே கோடு போட்டாயிற்றே. அந்த வாரம் முழுக்கப் புத்தகத்தைத் திறந்து அந்தக் கோடுகளைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும் முன் கிளம்பினேன். பூந்தமல்லியில் டீக்கடை அடுப்பு அப்போதுதான் புகைந்துகொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, சித்தூர். எஞ்சின் தைத்துக்கொண்டே போகிற மாதிரி ஒரே சீராகப் போயிற்று. ஒரு புளியமரம்கூட விடாமல் எல்லாம் என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உண்மையாகவே அப்படித் தோன்றியது.

மலை ஏற்றத்துக்கு முன்னால், ரோட்டோரம் ஒரு கடையில் நிறுத்தினேன். எஞ்சின் ஆறட்டும் என்று. கோலி சோடா கேட்டேன். கடைக்காரர் கட்டைவிரலால் கோலியை உள்ளே அமுக்கினார். உஸ்ஸென்று காற்று வந்தது.

அந்த நட்டு.

ஆறு நாளாக அது தளர்ந்தே இருக்கிறது. நூற்றுச்சொச்சம் மைல் அதோடு வந்திருக்கிறேன். சமதரையில் எப்படியோ தாங்கியிருக்கிறது. ஏற்றத்தில் ஏறினால் காற்று புகுந்து, எஞ்சின் கொதித்து, வால்வு கருகி, நடுமலையில் நிற்கவேண்டியதுதான். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பவேண்டும். ஸ்டேஷனில் மில்லுக்காரர் காத்திருப்பார். சோடாவைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். கார்புரேட்டர் டாங்கிக்கு அடியில் இருட்டாக இருக்கும், பார்க்க முடியாது, தடவித்தான் பார்க்கவேண்டும். சூட்டில் விரல் பட்டுப் பட்டு இழுத்துக்கொண்டு தடவினேன்.

நட்டு இறுக்கமாக இருந்தது. அசைக்கவே முடியவில்லை.

அதுமட்டுமில்லை. விரலில் வேறு ஏதோ தட்டுப்பட்டது. தரையில் படுத்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இரண்டு நட்டுகளையும் சேர்த்து, மறுபடி நழுவாதபடி, மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்று முறுக்கிக் கட்டியிருந்தது. மோட்டாருக்கு அந்தக் கம்பியை யாரும் போடமாட்டார்கள். ஒருமுறை மாதா கோயில் வாசலில் வாத்தியார் ஆர்மோனியத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே கட்டைகளை இழுத்துப் பிடித்திருந்தது இதே கம்பி. முடிச்சும் இதே முடிச்சு.

கடைக்காரர் தெலுங்கில் ஏதோ கேட்டார். வண்டி கெட்டுப்போயிற்றா என்றுதான் இருக்கும். இல்லை என்று தலையாட்டினேன்.

அவருக்கு இரண்டும் கேட்டிருக்கிறது. நான் தளர்த்தியது என்பதும் தெரிந்திருக்கிறது. என் பையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாரே, அப்போதே. நாலு பேர் முன்னால் சொன்னால் எனக்குத் தலைகுனிவாகும் என்றுதான், ஒரு குறையும் இல்லை என்றார். உடனே அதே நாலு பேர் முன்னால் நான் அவரைச் செவிடனாக்கினேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த இன்னொரு சத்தம் மட்டும் அவரை விடவில்லை போலிருக்கிறது.

நியாயமாக அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். வந்தது எரிச்சல். காது விஷயத்தில்தான் அவருக்கு நான் ஈடில்லை என்று இத்தனை நாள் இருந்தேன். இப்போது இதிலும் இல்லை என்று ஆயிற்று. காதுக்காவது ஊதாங்குழல் வைத்துப் பார்த்தேன். இதற்கு எதை வைத்துப் பார்ப்பது?

மலை ஏறினேன். கியரைக் குறைத்ததும் எஞ்சின் குரல் மாறியது. முதலில் தொண்டை கட்டின மாதிரி கனத்தது. வளைவுக்கு வளைவு குரல் இறங்கி, ஒரு இடத்தில் இனி முடியாது என்று முனகியது. அங்கிருந்து எதையோ பிடித்துக்கொண்டு, ஆழத்திலிருந்து ஒரே இழுப்பாக, பாறை இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்ல, மேலே ஏறியது. எனக்குச் சுதி தெரியாது, ராகம் தெரியாது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. என் பின்னால் பெட்ரோல் டின் இருந்தது. அதற்குள் பெட்ரோல் அலம்பிக்கொண்டிருந்தது.

விளக்கு வைப்பதற்கு முன் பெங்களூர் போய்ச் சேர்ந்தேன். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். ஸ்டேஷனில் மில்லுக்காரர் எனக்கு மாலை போட்டார். பாதி கேலி, பாதி நிஜம். இரண்டு வருஷம் நான் ஆசைப்பட்ட மாலை அது. கழுத்தில் அரித்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியைக் கேட்டேன்.

"வாத்தியார் வந்தாரா, நான் ஆபீஸ் போயிருந்தப்ப?"

"வெள்ளிக்கிழமை வந்தாரு. ஸ்பேனர் கேட்டாரு, குடுத்தேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அவுத்துப் போட்டிருப்பீங்க," என்றாள். என் சட்டையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு சண்டை வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் நிறைய ஓட ஆரம்பித்தன. எங்களுக்குப் பெட்ரோல் கூப்பனுக்குத்தான், அதுவும் சொட்டுச் சொட்டாக. வண்டியை எண்ணெய் தடவிச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். சண்டை முடிவதற்குள் வாத்தியாரைத் தெற்கே எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மலையில் என் வண்டி இன்னொரு தடவை ஏறவில்லை. ஆகவே திரும்பிவந்த அந்த வாரம் நான் அவருக்குச் சொன்னதுதான், அந்த ஏற்றத்தைப் பற்றி அவருக்குக் கிடைத்த ஒரே செய்தி.

அன்றைக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆபீஸ் முடிந்து ஸ்டேஷனிலிருந்து நான் நடந்து வந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். கூட்ஸ் வண்டி போய்க் கேட் திறந்ததும் நேரே என்னிடம் வந்தார். கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இல்லை. அவர் முகத்தில் அந்த இனிப்பு வாங்கிய மலர்ச்சி.

"அண்ணாத்தே, ஏத்தத்துல இன்னா சத்தம் போட்டுச்சி?"

சொல்லியிருக்கலாம். தொண்டை கட்டினதையும், முனகினதையும், பாறை திருப்பிச் சொன்னதையும் எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்லியிருந்தால் மிச்சத்தை அவரே கேட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்த சத்தம் அது ஒன்றுதான்.

"இங்க போடற சத்தம்தான்," என்றேன். "வித்தியாசம் ஒண்ணும் இல்லை."

அவர் தலையைச் சாய்த்து, நான் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் என்னையே கேட்டுக்கொண்டு நின்றார்.

"நல்லதுங்க அண்ணாத்தே," என்றார். சைக்கிளில் ஏறிப் போனார்.